மீசை இல்லாத தங்கையன்

சித்தார்த்தின் டீயில் சர்க்கரை இல்லை. அதைக் கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்தால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். "மூணு டீ அண்ணே, ஒண்ணுல மட்டும் சர்க்கரை போடாதீங்க" என்று சொன்னது பிலோமின்ராஜ்தான். அந்த ஒன்றை அடையாளம் தவறாமல் வலது கையில் தனியாகப் பிடித்துக்கொண்டு வந்து, தென்னூரில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் சித்தார்த்தின் எதிரே சிரித்த முகத்தோடு வைத்ததும் அவன்தான்.

காரணம் வயிற்றெரிச்சல். வேறொன்றும் இல்லை.

மணிமேகலை துப்பறியும் நிலையத்தில் ஆறு வருஷமாக அவன்தான் உதவியாளன். வெயிலில் நின்றிருக்கிறான், நாய்க்கடி வாங்கியிருக்கிறான், ஒருமுறை சாட்சியைப் பின்தொடர்ந்து போய் சம்பந்தமே இல்லாத கல்யாணத்தில் மொய்கூட எழுதியிருக்கிறான். இன்றைக்கும் அவனுக்கு மணிமேகலை 'மேடம்'தான். இந்தக் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் சித்தார்த் மேடம் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன். வாயைத் திறந்தால் 'அக்கா'. நேற்று மேடம் வேறு, "சித்தார்த் மாதிரி சூட்டிகையா ஒரு ஆள் நம்ம ஆபீஸ்ல இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் இராத்திரி முழுக்கப் பிலோமினின் தலையணைக்கு அடியில் கிடந்து குத்தியது.

சித்தார்த் டீயை ஒரு வாய் குடித்தான். "சர்க்கரை இல்லாம நல்லாதான் இருக்குண்ணா. உடம்புக்கும் நல்லது."

இதற்கு அவன் கத்தியே எடுத்துக் குத்தியிருக்கலாம்.

"விஷயத்துக்கு வா" என்றார் மணிமேகலை. அவருக்கு ஐம்பது வயது. பருமனான உடம்பு, சின்னக் கண்கள், பெரிய கைப்பை.

"இருதய வார்டுல தங்கையன்னு ஒரு பேஷன்ட்க்கா. நாளைக்குக் காலைல பைபாஸ். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கு, முழுச் செலவும் அதுல வந்துடும். குடும்பம் ஒத்தப் பைசா கட்ட வேண்டியதில்லை. அப்ரூவல் வர்ற நேரத்துல நேத்து ஒரு ஃபோன். பொம்பளைக் குரல். கார்டு போட்டோவுல இருக்கற ஆளுக்கு மீசை இருக்கு, பெட்ல இருக்கறவருக்கு மீசை இல்ல, இவர் தங்கையனே இல்ல, வேற ஆளைப் படுக்க வச்சு ஏமாத்தறாங்கன்னாங்க. ஆள்மாறாட்டப் புகார் வந்தா நான் மேல சொல்லியே ஆகணும். சொன்னேன். நிறுத்திட்டாங்க."

அவன் இரண்டு படங்களைத் திரையில் காட்டினான். கார்டில் இருந்தவருக்குக் கிடா மீசை, தலை நிறைய முடி. பக்கத்தில் மனைவி, நடுவில் ஒரு சின்னப் பெண். கட்டிலில் இருந்தவருக்குத் தலையிலும் மழித்திருந்தது, முகத்திலும் மழித்திருந்தது.

"இதுல எது மாமனார், எது மருமகன்?" என்றான் பிலோமின்.

"கைரேகை?" என்றார் மணிமேகலை.

"சிமென்ட் குடோன்ல மூட்டை தூக்கறவர்க்கா. ரேகை எல்லாம் தேஞ்சு போச்சு, மிஷின் எடுக்கல. ஆதார்லயும் இதே மீசைதான். ஊர்ல சர்டிஃபிகேட் வாங்கலாம்னா விஏஓ வீட்டுல கல்யாணமாம், லீவு. ராத்திரிக்குள்ள நிரூபிக்கணும், இல்லன்னா ரொக்கம் கட்டணும். லட்சக்கணக்குல ஆகும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா உயிருக்கு உத்தரவாதம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கு இவர் தங்கையன்தான்னு தோணுதுக்கா. ஆனா தோணுறதை அப்லோடு பண்ண முடியாதே."

மேடம் சிரித்தார். ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் அந்த ஜோக்கைத் தானே சொல்லியிருப்போம் என்று பிலோமினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஃபோன் பண்ண அம்மா வேற ஏதாவது சொன்னாங்களா?"

"வைக்கும்போது ஒண்ணு கேட்டாங்க. ரொக்கமா கட்டினா அதே டாக்டர், அதே நாள்ல பண்ணிடுவாருல்லன்னு. பண்ணுவாருங்கன்னேன். வச்சுட்டாங்க."

மணிமேகலை குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் வீரம்மாள் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். கார்டில் தங்கையனுக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவி இவர்தான். மருங்காபுரியிலிருந்து பஸ் பிடித்து அந்தக் கார்டோடு வந்தவர்.

"கொழுந்தன் வேலைதாம்மா இது" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "காந்தி மார்க்கெட்ல வெங்காய மண்டி வச்சிருக்காரே, அழகர்சாமி. எங்க கெணத்து நெலத்து மேல அவருக்கு ரொம்ப நாளாக் கண்ணு. சாயங்காலம் அட்வான்ஸ் கொண்டாரேன்னிருக்காரு. அதை வித்தாத்தான் ரொக்கம் கட்ட முடியும். வித்துட்டா எம்பொண்ணு சுபஸ்ரீ படிப்பும் போச்சு, எங்க சோறும் போச்சு. வேற என்னம்மா இருக்கு எங்களுக்கு?"

"மீசையை எப்ப எடுத்தாரு?"

வீரம்மாளின் முகம் சுருங்கியது. "நான் வந்து பாக்கறப்பவே மொட்டை. அவங்கப்பா காரியத்துக்கு மொட்டை போட்டப்பகூட மீசையில கத்தி படவிடாத மனுசன். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், குழம்பு ஒட்டுது, எடுத்துத் தொலைங்கன்னு. எனக்காக எடுக்கல. யாருக்காக எடுத்தாரோ!"

"யாருக்காக?"

"அவதான். ஸ்ரீரங்கத்துல இட்லிக்கடை வச்சிருக்கற மலர்க்கொடி." பெயரைச் சொன்னதும் வாயைத் துடைத்துக்கொண்டார். "பத்து வருசமா அவரு அங்கதான். எங்க வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவாரு, போவாரு. இங்க கொண்டாந்து சேத்ததும் அவதான். இந்தத் தம்பி, கார்டுல பேர் இருக்கறவங்க மட்டும் உள்ள இருங்கன்னு சொல்லுச்சு. அவ பேரு இல்ல. வெளிய போனா. எனக்கு வயிறு குளுந்துச்சும்மா. கட்டுனவரு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்காரு, எனக்கு வயிறு குளுருது. நானெல்லாம் ஒரு மனுசியா?"

பிலோமின் சர்க்கரை இல்லாத அந்த டீயை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

*

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது ஒரு வீரதீரச் செயல். காந்தி மார்க்கெட்டுக்குள் தக்காளிக் கூடைகளுக்கும் லோடு ஆட்டோக்களுக்கும் நடுவில் அவர் நுழைந்து போன வேகத்தில் பிலோமின் மூன்று மதத்துக் கடவுள்களையும் கூப்பிட்டுவிட்டான்.

அழகர்சாமி மண்டியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி. வந்த விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நெலத்தைக் கேட்டேன். ஆமாங்கறேன். எங்கப்பா வெட்டுன கெணறு, அது வெளியாள் கைக்குப் போறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? அதுக்காக அண்ணன் ஆபரேஷனை நிறுத்துவனா? நல்லா இருக்கே கதை!"

"அண்ணனை ஆஸ்பத்திரியில பாத்தீங்களா?"

"பேச்சுவார்த்தை இல்லீங்க. வருசக்கணக்காச்சு."

மணிமேகலை கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். "பாவம் உங்க அண்ணன். நர்ஸம்மா எல்லாம் மீசையைப் பாத்துத்தான் அடையாளம் வச்சிருக்காங்க."

அழகர்சாமியின் முகத்தில் அந்தக் கோபத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. "பின்ன? ஊர்ல அந்த மீசைக்குத்தாங்க மரியாதை. சின்ன வயசுல எனக்கும் அது மாதிரி வைக்கணும்னு ஆசை. எனக்கு வளரவே இல்ல. எங்கப்பா என்னைப் பாக்கறப்பெல்லாம் அண்ணன் மீசையைப் பாருடான்னுதான் சொல்லுவாரு. அதுலயே எனக்கும் அவருக்கும் ஆகாமப் போச்சுன்னு வச்சுக்கங்களேன்."

"வரோங்க" என்றார் மணிமேகலை.

வெளியே வந்ததும் பிலோமின் பொரிந்து தள்ளினான். "என்ன மேடம், பாதியில எழுந்து வந்துட்டீங்க? ஆள் ஒத்துக்கறதுக்கு இன்னும் ரெண்டு கேள்விதான் பாக்கி. வீட்டுல ஒரு பொம்பளையை விட்டுப் பேசச் சொல்லியிருப்பாரு."

"மீசை இல்லைங்கறதுதான்டா புகாரே. இவருக்கு மீசை போனதே தெரியல. இன்னும் அது அண்ணன் மூஞ்சியில இருக்குன்னு நெனச்சு இங்க உக்காந்து பொறாமைப்பட்டுக்கிட்டு இருக்காரு."

பிலோமின் வாயை மூடிக்கொண்டான். பிறகு திறந்தான். அவனால் ரொம்ப நேரம் மூடி வைக்க முடியாது. "அப்ப மலர்க்கொடியா? அதெப்படி மேடம்? கொண்டாந்து சேத்ததே அந்தம்மாதான். அவர் உயிரோட இருக்கணும்னு நெனைக்கறவங்க ஆபரேஷனை ஏன் கெடுப்பாங்க?"

"கெடுக்கலையே. அதே டாக்டர், அதே நாள்தானேன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்களே. எதிரி அப்படிக் கேப்பானா?"

"அப்ப எதுக்கு ஃபோன் பண்ணாங்க?"

மணிமேகலை ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறியது. காற்று பலமாக அடித்தது. அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"காலைல சித்தார்த் டீயில ஏன்டா சர்க்கரை போடல?"

பிலோமினுக்கு ஸ்கூட்டரிலிருந்து அப்படியே ஆற்றில் குதித்துவிடலாமா என்று இருந்தது. "கடைக்காரர் மறந்துட்டாரு மேடம்."

"உன் காசுலதான் வாங்கினே. சூடு ஆறாம நீதான் கொண்டாந்தே. அவன் டீ குடிக்கக்கூடாதுன்னு உனக்கு எண்ணம் இல்ல. நான் அவனைப் பாத்துச் சிரிக்கக்கூடாது, அவ்ளோதான். சரியா?"

"சரி."

"மலர்க்கொடியும் அவ்ளோதான்."

*

அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் அந்த இட்லிக்கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓர் அறை வீடு. மதிய நேரம், அடுப்பு அணைந்திருந்தது. பெஞ்சில் ஒரு புரோக்கர் உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே நின்ற மலர்க்கொடிக்கு நாற்பது வயதிருக்கும். காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி.

"கடை இல்லீங்க இன்னைக்கு."

"சாப்பிட வரலம்மா. ஆஸ்பத்திரியிலேருந்து வரோம்" என்றார் மணிமேகலை. குரலில் ஈரமே இல்லை. "பெட்ல இருக்கறவர் தங்கையன் இல்லன்னு முடிவாயிடுச்சு. போலீஸுக்குச் சொல்லப் போறாங்க. ஆபரேஷன் கிடையாது. சாயங்காலமே அவரை வெளிய அனுப்பறாங்க."

பிலோமின் திடுக்கிட்டு மேடத்தைப் பார்த்தான். இவ்வளவு பெரிய பொய்யை அவர் இந்த ஆறு வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மலர்க்கொடியின் முகம் வெளுத்தது. "அதெப்படி அனுப்புவாங்க? ரொக்கம் கட்டினா அதே நாள்ல பண்றேன்னு ஃபோன்ல சொன்னாங்களே!"

"யார்கிட்டம்மா சொன்னாங்க?"

புரோக்கர் சுவரைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, தனக்கு வேறெங்கோ வேலை இருப்பதை நினைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மலர்க்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நாந்தான். நாந்தான் பேசினேன்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். "பத்து வருசம் சமைச்சுப் போட்டேன். மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். கவுன்ட்டர்ல அந்தத் தம்பி, மலர்க்கொடின்னு கார்டுல யாரும் இல்லியேம்மான்னு சொல்லுச்சு. அவ வந்தா. பையிலேருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டுனா. அவ்ளோதான், உள்ள விட்டுட்டாங்க. அவ காசு இல்ல, அவ நகை இல்ல, ஒரு அட்டை! அதை வச்சு அவரைக் காப்பாத்திட்டா, பொழைச்சு வந்து அவர் யாரு மூஞ்சியில முழிப்பாரு? எங்கிட்ட இந்த வீடு இருக்குங்க, எங்கம்மா கொடுத்தது. இதை வித்து நான் கட்டறேன். நான் காப்பாத்தறேன். நான் காப்பாத்துனதா இருக்கட்டுமே!"

"அப்புறம் எங்கம்மா இருப்ப?"

"எங்கயாவது இருப்பேன்."

"நீ வீட்டை விக்கறே. அங்க அந்தம்மா நெலத்தை விக்கறாங்க. ஒரு ஆபரேஷனுக்கு ரெண்டு குடும்பம் தெருவுக்கு வரக்கூடாதுன்னுதான்மா அரசாங்கம் அந்த அட்டையைக் கொடுத்திருக்கு. நீ வித்து முடிச்சுக் காசைக் கொண்டுவர்றதுக்குள்ள விடிஞ்சுடும்."

"அவ நெலத்தை விக்கறாளா?" மலர்க்கொடி நிமிர்ந்தாள். அழுகை நின்றுவிட்டது. நிலம் போகிறதே என்ற இரக்கமா, தன்னைப் போலவே அவளும் விற்கிறாளே என்ற ஆத்திரமா என்று பிலோமினால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்காது.

"மீசையை எடுக்க வச்சது நீதானே?"

"முதல் தடவை வலி வந்தப்ப சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். முடியும் மீசையும் தரேன், உசுரைக் கொடுத்துடு தாயேன்னு. மாட்டேன்னுதான் சொன்னாரு. அப்புறம் எனக்காக உக்காந்தாரு." சட்டென்று அவள் கண் அலமாரியில் இருந்த செல்போன் மேல் போனது. போன வேகத்திலேயே திரும்பியது.

மணிமேகலையின் சின்னக் கண்கள் அதைத் தவறவிடவில்லை. "படம் எடுத்தியா?"

"வீடியோ."

"மீசையோட ஆரம்பிச்சு, மீசை இல்லாம முடியுதா?"

மலர்க்கொடி தலையாட்டினாள்.

பிலோமின் துள்ளிக் குதித்தான். "ஒரே ஆள், ஒரே நாற்காலி! இதைவிட என்ன மேடம் நிரூபணம் வேணும்? இதை அப்லோடு பண்ணலாம்ல?"

"அதை அவ பாக்கக்கூடாது" என்றாள் மலர்க்கொடி. போனை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"வீரம்மா பாத்தே ஆகணும். கார்டுல இருக்கற மனைவி அடையாளம் சொன்னாத்தான் செல்லும். புகார் சொன்ன நீயும் கூட நின்னு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லணும்." மணிமேகலை எழுந்தார். இப்போது குரல் மாறியிருந்தது. "அவரைக் காப்பாத்தணும்னு கேட்டியேம்மா. உன்னாலதான் முடியும். வா."

*

கவுன்ட்டரில் சித்தார்த்தின் ஒரு பக்கம் வீரம்மாள். இன்னொரு பக்கம் மலர்க்கொடி. நடுவில் அந்தப் போன்.

வீடியோவில் தங்கையன் சமயபுரத்தில் முடி எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கிடா மீசை கம்பீரமாக இருந்தது. தலையில் கத்தி ஓடியது, முடி விழுந்தது. முடி எடுப்பவர் மீசைக்கு வந்து தயங்கி, "இதுவுமாண்ணே?" என்று கேட்டார்.

"எடுத்துருப்பா. அவ சொல்லிட்டா" என்றார் தங்கையன். சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

வீரம்மாள் அசையவில்லை. கையில் இருந்த மஞ்சள் பையின் காது மட்டும் முறுக்கிக்கொண்டே போனது. கடைசியில் அவர் தலைக்குச் சந்தனம் பூசியதும் மலர்க்கொடியும் படத்துக்குள் வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வீடியோ நின்றது.

"இது உங்க வீட்டுக்காரர்தானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான் சித்தார்த்.

"இவருதான்" என்றார் வீரம்மாள். "அந்தச் சிரிப்பை நான் பாத்துத்தான் ரொம்ப நாளாச்சு. ஆளு இவருதான்."

"நான் சொன்னது பொய்ங்க" என்றாள் மலர்க்கொடி தரையைப் பார்த்தபடி. "அவங்க வீட்டுக்காரர்தான் அவரு."

சித்தார்த் தட்டச்சு செய்துகொண்டே வழக்கம்போலக் கேட்டுத் தொலைத்தான். "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன உறவும்மா?"

மலர்க்கொடி வீரம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சவங்கன்னு போட்டுக்க தம்பி" என்றார் வீரம்மாள்.

சித்தார்த் காப்பீட்டு அனுமதி தருகிற மேலிடத்து டாக்டருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் போனில் கெஞ்சினான், வாதாடினான், மறுபடி கெஞ்சினான். பிலோமின் பார்த்துக்கொண்டே இருந்தான். பையன் சூட்டிகைதான், சனியன். பிலோமின் எழுந்து கீழே போய் டீ வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தான். இந்த முறை எல்லாவற்றிலும் சர்க்கரை இருந்தது. சித்தார்த்தின் டீயில் மட்டும் கொஞ்சம் கம்மி.

அவன் திரும்பி வந்தபோது அனுமதி வந்துவிட்டிருந்தது. வீரம்மாள் போனில் அழகர்சாமியிடம், "நெலம் விக்கலீங்க. வந்து அண்ணனைப் பாத்துட்டுப் போங்க. மீசை இல்லாம இருக்காரு, பயப்படாமப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வார்டு வாசலுக்கு நடந்தார். அங்கே மலர்க்கொடி சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

உள்ளே போக ஒரே ஒரு பாஸ்தான். வீரம்மாள் அதைக் கழுத்திலிருந்து கழற்றினார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"சுபஸ்ரீயைப் பஸ் ஸ்டாண்டுல போய்க் கூட்டிட்டு வரணும். அதுவரைக்கும் இரு. தலைமாட்டு ஸ்டூல் என்னோடது, அதுல உக்காராதே. கால்மாட்டுல உக்காரு."

மலர்க்கொடி கையை நீட்டினாள். வீரம்மாள் பாஸை உடனே விடவில்லை.

"இதெல்லாம் மீசை முளைக்கிற வரைக்கும்தான். முளைச்சதும் நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மலர்க்கொடி தலையாட்டிவிட்டு, பாஸை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.